பழைய புல்லட்டைக் கழற்றிப் பூட்டுவது எப்படி

கொட்டகையில் பத்துப் பதினைந்து வருடம் நின்றுபோன புல்லட்டை மறுபடி ஓடவைக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திருவொற்றியூர் ஆலையில் ஏறக்குறைய ஒரே எஞ்சின்தான் வார்க்கப்பட்டது. அதனால் உதிரிபாகத்துக்கு இன்றும் பஞ்சமில்லை. எஞ்சினும் கியர் பாக்ஸும் தனித்தனிப் பெட்டிகள் என்பதால், ஒன்றைத் தொடாமல் இன்னொன்றைப் பிரிக்கலாம். முதல்முறை எஞ்சின் வேலை பார்ப்பவருக்கு இதைவிடப் பொறுமையான வண்டி கிடைப்பது கஷ்டம்.

இங்கே சொல்வதெல்லாம் வார்ப்பிரும்பு சிலிண்டர் 350-க்கு: 70 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 346 சிசி, வலது காலில் நான்கு கியர், பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் தொடுமுனையால் தீப்பொறி தரும் வகை). எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் பிந்தைய வண்டிகளுக்கு இந்த அளவுகள் பொருந்தாது.

பாதியில் கைவிடப்பட்ட வண்டிகளின் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முழுவதும் கழற்றி, நட்டு போல்ட்டையெல்லாம் ஒரே டப்பாவில் கொட்டி, முதல் வேலையாக டேங்கைப் பெயிண்டுக்குக் கொடுத்திருப்பார்கள். ஆறு மாதம் கழித்து டேங்க் பளபளவென்று அலமாரியில் இருக்கும், எஞ்சின் சாக்கில் இருக்கும். வரிசையை மாற்றுங்கள். எஞ்சின் முதலில். பிறகு பெயிண்ட் இல்லாமலே முழு வண்டியையும் பூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நிறம்.

காகிதம்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் மண்ணெண்ணெயில் துடைத்து, சுண்ணாம்புக்கட்டி தேய்த்துப் படித்து, புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத வண்டியில் பணம் போடாதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பதினைந்து வருடம் தாண்டிய பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25, கூடவே பசுமை வரி. நிறத்தை மாற்றினால் அதையும் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். சேஸிஸை மணல் அடித்துச் சுத்தம் செய்யவோ பவுடர் கோட்டிங்குக்கோ அனுப்பும்போது, எண் இருக்கும் இடத்தில் தடித்த டேப் ஒட்டி, கடைக்காரரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். எண் அழிந்த சேஸிஸை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட முடியாது.

கருவி

பழைய புல்லட்டின் நட்டுகளில் பெரும்பகுதி ஆங்கிலேய மரை. மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்ட உட்காரும், அதுதான் ஆபத்து. இரண்டு முறை வழுக்கினால் நட்டின் முனைகள் உருண்டுபோகும். விட்வொர்த் என்ற அந்த ஆங்கிலேய அளவில் ரிங் ஸ்பேனர் செட் ஒன்று வாங்குங்கள். அதே காரணத்தால், கழற்றிய போல்ட்டுக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த போல்ட்டை முறுக்காதீர்கள். இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகினால் மரை வேறு என்று அர்த்தம். அலுமினியக் கேஸில் அதைப் பலவந்தமாக ஏற்றினால் மரையே பிய்ந்து வரும்.

இவை தவிர, கவர் திருகுகளைக் கழற்ற இம்பேக்ட் டிரைவர், இடைவெளி அளக்க ஃபீலர் கேஜ், நீளம் அளக்க வெர்னியர், இறுக்கும் பலத்தை அளக்க டார்க் ரெஞ்ச், கிளட்சுக்கும் டைமிங் பினியனுக்கும் புல்லர், மண்ணெண்ணெய் ஐந்து லிட்டர், வேஸ்ட் பஞ்சு. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகள் ஐம்பது, அவற்றில் எழுத ஒரு மார்க்கர். வண்டியை நிமிர்த்தி வைக்க உறுதியான மரப்பலகை மேடை. தரையில் குந்தி வேலை செய்தால் இரண்டாம் நாளே முதுகு வலி வரும், அவசரமும் வரும்.

கழற்றும் முன்

நின்றுபோன வண்டியை உடனே கிக் அடிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக 20, 30 மில்லி எஞ்சின் ஆயில் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் நான்காவது கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். பிஸ்டன் இளகிவிட்டால் நல்லது. இளகவில்லை என்றால் டீசலையும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலையும் (ATF) சரிபாதி கலந்து ஊற்றி, தினமும் கொஞ்சம் அசைத்து, ஒரு வாரம் காத்திருங்கள். பிஸ்டன் தலையில் கட்டை வைத்து அடிப்பவர்கள் உண்டு. பிஸ்டன் போனால் பரவாயில்லை, அந்த அடியில் கனெக்டிங் ராடு வளைந்தால் கிராங்க் வேலை தலையில் விழும்.

எஞ்சினுக்கு அடியில் உள்ள டிரெய்ன் பிளக்குகளைத் திறந்து ஆயிலை வடியுங்கள். புல்லட்டில் ஆயில் டேங்க் எஞ்சின் கேஸோடு சேர்ந்தே வார்த்தது. ஆனால் கிராங்க் சுழலும் அறை தனி. நின்ற வண்டியில் டேங்கிலிருக்க வேண்டிய ஆயில் கிராங்க் அறைக்குள் இறங்கி நிறைந்திருந்தால், ஆயிலை எஞ்சினுக்கு ஏற்றும் ஃபீட் பம்பின் வட்டு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் சரிசெய்யலாம்.

பிரித்தல்

ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் ஒரு படம், எடுத்த பின் ஒரு படம். அந்தப் பாகத்தின் நட்டு, வாஷர் எல்லாம் ஒரே பைக்குள், மேலே எங்கிருந்து வந்தது என்ற எழுத்து. வயரிங்கைக் கழற்றும்போது நிறத்தை நம்பாதீர்கள். பல கை பட்ட வண்டியில் நிறம் மாறியிருக்கும். ஒவ்வொரு முனையிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள்.

டேங்க், கார்புரேட்டர், சைலன்சர், ஹெட்டுக்குப் போகும் ஆயில் குழாய், பிறகு இரண்டு ராக்கர் கவர்கள். ராக்கர்களை அவற்றின் பேரிங் பிளாக்கோடு சேர்த்தே எடுத்து, இன்லெட், எக்ஸாஸ்ட் என்று தனித்தனியே கட்டி வையுங்கள். புஷ் ராடுகளும் அப்படியே. இடம் மாறக்கூடாது. ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காகக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஹெட் வந்த பிறகு சிலிண்டர் அசைய மறுத்தால், வலப்பக்க டேப்பட் கவருக்குள் பாருங்கள். அங்கே ஒளிந்திருக்கும் நட்டை மறந்துவிட்டு ஃபின்களை நெம்பி உடைத்தவர்கள் நிறைய. சிலிண்டரைத் தூக்கும்போதே கிராங்க் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். பிஸ்டன் பின்னின் சர்க்ளிப் தெறித்து உள்ளே விழுந்தால் கேஸையே பிரிக்க வேண்டிவரும்.

இடப்பக்கச் செயின் கேஸ் கவர் நடுவில் ஒரே நட்டில் நிற்கிறது. திறப்பது சுலபம், ஆயில் தட்டு வைத்துக்கொண்டு திறங்கள். வலப்பக்க டைமிங் கவருக்குள் பினியன்களில் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். அவை நேருக்கு நேர் வரும்படி எஞ்சினைச் சுழற்றி நிறுத்தி, படம் எடுத்த பிறகே ஒன்றையும் தொட வேண்டும். ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் (திருகுப் பல்) இடது மரை என்பதையும் நினைவில் வையுங்கள். வழக்கமான திசையில் பலம் கொடுத்தால் இன்னும் இறுகும், கடைசியில் உடையும்.

கியர் பாக்ஸ் எல்லாக் கியரும் விழுந்து, சத்தமில்லாமல் சுற்றுகிறதா? திறக்க வேண்டாம். வெளியே கழுவி, ஆயில் மாற்றி, அப்படியே வையுங்கள்.

அளவு எடுத்தல்

இந்தக் கட்டத்தில்தான் செலவு முடிவாகிறது. அளந்து எழுதாமல் ஒரு வாஷர்கூட வாங்காதீர்கள்.

சிலிண்டரை லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளக்கச் சொல்லுங்கள். மேல்விளிம்பு அதிகம் தேய்ந்திருக்கும், ரிங் உரசாத அடிப்பகுதி ஏறக்குறைய புதிதாக இருக்கும். வித்தியாசம் 0.2 மி.மீ. வந்தால் துளையைப் பெரிதாகக் கடையும் ரீபோர்தான். அங்கே பலர் செய்யும் தவறு, முதலில் போர் போட்டுவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுவது. ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனுக்கே போர் போடச் சொல்லுங்கள். பெட்டியில் எழுதிய அளவும் உள்ளே இருக்கும் பிஸ்டனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பிஸ்டனின் அடிப்பாவாடைக்கும் சுவருக்கும் இடையே மூன்று முதல் நான்கு ‘தௌ’, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு, அதாவது 0.08 முதல் 0.10 மி.மீ. இடைவெளி வேண்டும். புதிய நான்கு சக்கர வண்டிகளுக்குப் பழகிய பட்டறை இதைவிட இறுக்கமாகப் போட்டுக்கொடுக்கும். காற்றில் குளிரும் வார்ப்பிரும்பு சிலிண்டரில் அந்த இறுக்கம் முதல் மேட்டிலேயே பிஸ்டனைப் பிடிக்கவைக்கும்.

கனெக்டிங் ராடை உச்சிக்குக் கொண்டுவந்து நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. மேலும் கீழுமாக டிக் என்று ஓர் ஆட்டம் தட்டுப்பட்டாலே பிக் எண்டு, அதாவது ராடின் கிராங்க் பக்க பேரிங், முடிந்தது. பழைய எஞ்சின்களில் அங்கே இருப்பது ஃப்ளோட்டிங் புஷ், அதாவது தளர்வாகச் சுழலும் வளையம். ஆயில் அழுத்தம் நன்றாக இருந்தால் நெடுங்காலம் உழைக்கும், ஆயில் குறைந்தால் சீக்கிரம் போய்விடும். கிராங்கைப் பிரித்துப் புது பின் ஏற்றி, டயல் கேஜ் வைத்து நேர் பார்ப்பதற்கு பிரஸ்ஸும் அனுபவமும் தேவை. இது ஒன்றை மட்டும் வீட்டில் செய்ய நினைக்காதீர்கள். புல்லட் கிராங்க் வேலையே தொழிலாக வைத்திருக்கும் பட்டறையிடம் கொடுங்கள்.

வால்வுகளைக் கிரைண்டிங் பேஸ்ட் வைத்து, முதலில் கரடு, பிறகு மெல்லியது என அரையுங்கள். சாம்பல் நிற வளையம் அறுபடாமல், 1 முதல் 1.5 மி.மீ. அகலத்தில் தெரிய வேண்டும். ஸ்பிரிங்கோடு பூட்டி, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி ஐந்து நிமிடம் பாருங்கள். கசிந்தால் மறுபடி அரைக்க வேண்டியதுதான். கிக் அடிக்கும்போது சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் வால்வையும் இதேபோல அரைத்துவிடுங்கள், பலர் அதை மறந்துவிட்டுக் கம்ப்ரஷன் இல்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

வாங்குதல்

சென்னையில் புது உதிரிபாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. பழையதாகக் கிடைத்தால் விடக்கூடாதவை எஞ்சின் கேஸ், கியர் பாக்ஸ் கூடு, ஹப், ஒரிஜினல் மட்கார்டு. அந்தக் காலத்துத் தகடு இன்று வரும் நகல்களைவிடத் தடிப்பு. பழையதாக வாங்கவே கூடாதவை ஆயில் சீல், செயின், கேபிள், பிரேக் ஷூ, டயர், டியூப். பெட்ரோல் குழாயும் கார்புரேட்டர் ரப்பர் வளையங்களும் எத்தனால் தாங்கும் வகையாக இருக்கட்டும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருவதால், பழைய ரப்பர் ஊதி, பிசுபிசுத்துப் போகும்.

எஞ்சினைப் பூட்டுதல்

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் பாதைகளில் காற்று அடித்து, சுத்தமான துணி விரித்த மேசையில் வரிசையாக வையுங்கள். பூட்டும் ஒவ்வொரு உரசும் பரப்பிலும் புது ஆயில் தடவியிருக்க வேண்டும்.

முதலில் ஆயில் பம்பு. வட்டு உட்காரும் இடத்தை மெல்லிய பேஸ்ட் வைத்து, முழு வட்டமும் ஒரே நிறமாகும் வரை அரைத்து, பேஸ்ட்டின் துகள்கூட இல்லாமல் கழுவுங்கள். கிராங்க் அறைக்குள் ஆயில் இறங்கும் நோய் இதில்தான் தீரும். அடுத்து, டைமிங் கவருக்குள் கிராங்க் முனையில் உட்காரும் சிறிய கார்க் சீல். பிக் எண்டுக்குப் போகும் ஆயில் முழுவதும் இதன் வழியே போகிறது. இது நைந்திருந்தால் ஆயில் வெளியே வழியாது, சத்தமும் வராது, ஆனால் பிக் எண்டு வறண்டு சாகும். விலை சொற்பம், எப்போது கவரைத் திறந்தாலும் புதிது போடுங்கள். ஃபெல்ட் ஃபில்டரின் ஸ்பிரிங், வாஷர் வரிசை நீங்கள் எடுத்த படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். மூடும் முன் அந்தக் குழியை ஆயிலால் நிரப்புங்கள்.

ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றும் முன், ஒவ்வொன்றையும் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் 25 மி.மீ. உள்ளே தள்ளி, முனைகளின் இடைவெளியை அளங்கள். 0.4 முதல் 0.5 மி.மீ. இருக்கட்டும். குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் ஒரே பக்கம் தேயுங்கள். சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டால் ரிங் உடைந்து போரைக் கீறும். வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வராமல் சுற்றிலும் பிரித்து வையுங்கள். பிஸ்டன் பின்னுக்குப் புது சர்க்ளிப்.

ஹெட் பரப்பைக் கண்ணாடிப் பலகை மேல் விரித்த உப்புத்தாளில் எட்டு வடிவில் தேய்த்து மட்டம் பாருங்கள். நட்டுகளை மூன்று தவணையில், குறுக்குமறுக்காக இறுக்கி, கடைசித் தவணையை டார்க் ரெஞ்சில் முடியுங்கள்.

டேப்பட் இடைவெளியை வைக்க இந்த எஞ்சினில் ஃபீலர் கேஜ் தேவையில்லை. எஞ்சின் குளிர்ந்த நிலையில், கம்ப்ரஷன் உச்சியில் (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் மேலே வந்த நிலை) நிறுத்தி, புஷ் ராடை விரலால் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழுமாக ஆடக்கூடாது. சுற்ற மறுத்தால் வால்வு மூடாமல் கருகும்.

இடப்பக்கச் செயின் கேஸுக்குள், எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினை மேல்பக்கம் அழுத்தினால் 6 மி.மீ. தொய்வு இருக்கட்டும். கிளட்சைச் சுற்றிச் சுற்றிப் பல இடத்தில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் இந்த அளவை வையுங்கள். செயின் கேஸுக்கு 420 மில்லி ஆயில். அந்த ஒற்றை நட்டை வெறிகொண்டு முறுக்காதீர்கள். கவர் வளைந்து, ஓரத்தில் ஒழுகும். ஒழுக ஒழுக இன்னும் முறுக்குவார்கள், இன்னும் வளையும்.

பாயிண்ட், டைமிங், வயரிங்

பாயிண்ட் முழுதாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. பிளக் 0.45 முதல் 0.55. இடைவெளியை வைத்த பிறகுதான் டைமிங். பாயிண்டைத் தொட்டால் டைமிங் நகரும், எனவே வரிசையை மாற்ற முடியாது. கம்ப்ரஷன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால், வேகம் கூடும்போது விரியும் அட்வான்ஸ் வெயிட்டுகள் மூடிய நிலையில் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பிளக் துளை வழியாகக் கம்பி விட்டு வெர்னியரால் உச்சியைக் கண்டுபிடியுங்கள். பாயிண்ட் திறக்கும் கணத்தைப் பார்க்க அதன் குறுக்கே ஒரு சிறு பல்பைக் கட்டினால் போதும். டைமிங் அதிகம் முந்திவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் எலும்பு உடையும் அளவுக்கு அடிக்கும்.

வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பல்பையும் பேட்டரியையும் வாங்கும் முன் பாருங்கள். வயர் முழுவதையும் புதிதாக இழுப்பதே நிம்மதி. எர்த் மாட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் மாட்டுங்கள். பெயிண்ட் அடித்து முடித்த புல்லட்டில் லைட் மங்கலாக எரிவதற்கு இதுவே முதல் காரணம்.

டேங்க், பிரேக், ஃபோர்க்

டேங்குக்குள் துரு இருந்தால் வெள்ளை வினிகரை நிரப்பி ஒரு நாள் விடுங்கள். வடித்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவைத்து, உள்ளே ஆயில் கலந்த பெட்ரோலைச் சுழற்றுங்கள். அரை மணி நேரம் ஈரமாக விட்டாலும் புதுத் துரு படியும். ஓட்டை இருக்கும் டேங்கை வீட்டில் வெல்டிங் செய்யவே கூடாது. காலியான டேங்கில் தங்கிய ஆவி போதும் வெடிக்க.

பழைய பிரேக் ஷூவின் தூசியில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்று அடிக்காமல், ஈரத்துணியால் துடையுங்கள். டிரம் முட்டைவடிவமாகியிருந்தால் சக்கரத்தை ஸ்போக்ஸோடு சேர்த்தே லேத்தில் கடையுங்கள். ஸ்போக்ஸ் மாற்றிய பிறகு டிரம் கொஞ்சம் இழுபடும் என்பதால், கடைசல் அதற்குப் பின்தான். ஃபோர்க் ஒவ்வொரு காலிலும் 200 மில்லி ஆயில். டயர் 3.25 × 19.

முதல் ஸ்டார்ட்

டிப்ஸ்டிக் கோடு வரை 20W-50 ஆயில் ஊற்றுங்கள், இரண்டு லிட்டருக்குச் சற்று மேலே பிடிக்கும். பிளக் இல்லாமல் நாற்பது ஐம்பது முறை கிக்கரை மிதித்து பம்பில் ஆயில் ஏற்றுங்கள். பிறகு பிளக், சோக், சாவி.

கிக்கரை மெதுவாக அழுத்தும்போது மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரின் முள்ளைக் கவனியுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். எதிர்ப்போடு முள் நடுவுக்கு வந்த இடம் கம்ப்ரஷன் உச்சி. அங்கே டீகம்ப்ரஷரைப் பிடித்துக் கிக்கரைக் கொஞ்சம் தள்ளி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுக்காலால் ஒரே மிதி. வேகம் தேவை, வெறி தேவையில்லை.

ஓடத் தொடங்கியதும் ஹெட்டுக்குப் போகும் ஆயில் குழாயின் பேஞ்சோ போல்ட்டை (ஆயில் போக நடுவில் துளையிட்ட போல்ட்) அரைச்சுற்று தளர்த்துங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஆயில் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் அணைத்துவிட்டு, பம்பைத் திரும்பப் பாருங்கள். கசிந்தால் இறுக்கி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, முழுதாக ஆறவிடுங்கள். ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, டேப்பட்டைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

இந்த நிலையில், பெயிண்ட் இல்லாத வண்டியை இருநூறு முன்னூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். முதல் 500 கிலோமீட்டர் வரை மணிக்கு 50-ஐத் தாண்டாமல், ஒரே வேகத்தில் இழுக்காமல், த்ராட்டிலை ஏற்றி இறக்கி ஓட்டினால் ரிங் நன்றாகப் படியும். எங்கே ஒழுகுகிறது, எங்கே உரசுகிறது, எந்த பிராக்கெட்டுக்கு வெல்டிங் வேண்டும் என்பதெல்லாம் இப்போதே தெரிந்துவிடும். அவற்றைச் சரிசெய்துவிட்டு மீண்டும் பிரித்து, சேஸிஸையும் தகடுகளையும் பெயிண்டுக்கு அனுப்புங்கள். டேங்கின் தங்கக் கோடுகளை மட்டும் ஸ்டிக்கராக ஒட்டாமல் கையால் இழுக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். ஆலையிலும் அவை தூரிகையால் இழுக்கப்பட்டவைதான். 500 ஆனதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வடித்த ஆயிலை வெள்ளைத்துணியில் ஊற்றிப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பொடி இயல்பு. கண்ணுக்குத் தெரியும் உலோகச் செதில் மின்னினால், வண்டியை அன்றே நிறுத்திவிட்டுப் பிக் எண்டிலிருந்து தேடத் தொடங்குங்கள்.